எலியின் தூக்கத்தில் படிக்கப்படுவது கனவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலிகள் தூங்கும்போது அவற்றின் மூளைச் செல்கள் இடத்தைப் பற்றிய நினைவை எப்படித் திரும்ப ஓட்டுகின்றன என்பது குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தோம். இப்படி ஒரு பொருள் தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் பெறுவது மகிழ்ச்சியே. ஆனால் 'கனவைப் படித்துவிட்டார்கள்' என்ற தலைப்பும், 'கருவி மூளையை அப்படியே வாசிக்கிறது' என்ற முதல் பத்தியும் நடந்ததை வேறொன்றாக ஆக்கிவிட்டன. தேர்வுக் காலத்தில் நாளிதழ்களுக்குள் செருகி வரும் துண்டறிக்கைகளில் 'தூக்கத்திலேயே பாடம் பதியும்' என்று தலைப்பட்டை விற்பவர்களுக்கு இத்தகைய வரிகள்தான் கையில் கிடைக்கும் சரக்கு. ஆகவே இந்த விளக்கம். கடிதம் நீளமானது. இடமில்லாமல் வெட்ட நேர்ந்தால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கணக்கு வரும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் அடிப்படை. மூளையின் பக்கவாட்டு மடலின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. எலி ஓரிடத்தில் இருக்கும்போது மட்டும் வேகமாகத் துடித்து (அதாவது சிறு மின்துடிப்புகளை அனுப்பி), மற்ற இடங்களில் ஏறக்குறைய வாய்மூடி இருக்கும் செல்கள் அங்கே உண்டு என்று 1971-இல் லண்டனில் ஜான் ஓ'கீஃபும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் அறிவித்தார்கள். இவற்றை இடச் செல்கள் என்போம். 2014-இன் மருத்துவ நோபலில் பாதி ஓ'கீஃபுக்குப் போனது. மறுபாதியை, பக்கத்துப் பகுதியில், இடத்தைக் கட்டங்கள்போலப் பிரித்துக் குறிக்கும் கிரிட் செல்களைக் கண்டறிந்த மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் பெற்றார்கள்.

நம் ஊர் வழியிலேயே ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் வரிசையாக வரும். போகிறவர் மூளையில் ஐந்து இடச் செல்கள், ஒவ்வொரு பாலத்துக்கும் ஒன்று. வெண்ணாற்றுச் செல் வெண்ணாற்றுப் பாலத்தில் விநாடிக்கு 10 முறை துடிக்கும், மற்ற நான்கு பாலங்களிலும் விநாடிக்கு ஒரு முறைதான். மற்றச் செல்களும் அப்படியே, அவரவர் பாலத்தில் 10, வெளியே 1. உண்மையான மூளை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒரு செல்லுக்கு இரண்டு மூன்று இடங்கள் இருக்கலாம். நேர்ப்பாதையில் போகும்போது துடிக்கும் செல் அதே இடத்தில் திரும்பி வரும்போது சும்மா இருக்கலாம். வேறோர் அறைக்குப் போனால் வரைபடமே மாறிப்போகும். ஆனாலும் கணக்கைப் புரிந்துகொள்ள ஐந்து பாலம் போதும்.

இனி தூக்கம். 1994-இல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், எலி ஓடும்போது சேர்ந்து துடித்த செல்கள் அதன் பிறகு வரும் தூக்கத்திலும் சேர்ந்தே துடிக்கின்றன என்று காட்டினார்கள். 2002-இல் ஆல்பர்ட் லீயும் வில்சனும் இன்னொரு படி போய், ஜோடிகள் மட்டுமல்ல, முழு வரிசையே திரும்ப ஓடுகிறது என்றார்கள். நமது உதாரணத்தில் வடவாறு தொடங்கி காவிரி வரை ஐந்து செல்களும் அதே வரிசையில், ஆனால் மொத்தமும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் துடித்து முடிந்துவிடும். விழித்திருக்கும்போது நடந்ததைவிடப் பல மடங்கு வேகம். இது நடப்பது ஷார்ப் வேவ் ரிப்பிள் எனப்படும் குட்டி அலைவெடிப்பின்போது. எலியில் அதன் அதிர்வெண் விநாடிக்கு ஏறக்குறைய 150 முதல் 250 வரை.

செய்தியில் விட்டுப்போன முக்கியமான விவரம் இங்கேதான் வருகிறது. ரிப்பிள்கள் ஆழ்ந்த தூக்கத்தில் வருபவை. விழித்தபடி எலி நின்று சாப்பிடும்போதும் முகம் துடைக்கும்போதும்கூட வரும். நாம் கதைபோலக் கனவு காண்பது பெரும்பாலும் கண்மணிகள் வேகமாக அசையும் தூக்கத்தில். அந்த நிலையில் ரிப்பிள் இல்லை, தீட்டா என்ற மெதுவான மூளை அலைதான். அங்கும் வரிசை திரும்ப வருவதாக 2001-இல் கென்வே லூயியும் வில்சனும் எழுதினார்கள். ஆனால் தங்கள் செய்தி பேசும் முடிவுகள் ஆழ்ந்த தூக்கத்தின் ரிப்பிள்களைப் பற்றியவை. எலியை எழுப்பி 'என்ன கண்டாய்?' என்று கேட்கவும் வழியில்லை. ஆகவே கனவு என்ற சொல்லை இங்கே யார் போட்டாலும் அது ஊகம்.

பதிவு எப்படிச் செய்கிறார்கள்? தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு பருமனே உள்ள, சுமார் 12 மைக்ரான் கம்பி நான்கைச் சேர்த்து முறுக்கினால் அது டெட்ரோடு. நான்கு முனைகள் ஏன்? ஒரே செல்லின் துடிப்பு நான்கு முனைகளுக்கும் நான்கு அளவுகளில் கேட்கும். அந்த விகிதத்தை வைத்துத்தான் பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பிரிக்கிறார்கள். முனையில் தங்க முலாம் பூசி மின்தடையை 200 முதல் 300 கிலோ ஓம் அளவுக்கு இறக்குவார்கள். முலாம் சரியாகப் பிடிக்காத கம்பியில் இரைச்சல் மட்டுமே வரும். எலியின் மூளை மேற்பரப்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் கீழே ஹிப்போகேம்பஸின் சி.ஏ.1 என்ற செல் அடுக்கு இருக்கிறது. அடுக்கு மிக மெல்லியது. ஆகவே அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறக்குவார்கள், நெருங்க நெருங்க ஒரு முறைக்குச் சில பத்து மைக்ரான்கள் மட்டும். கம்பியோடு திசுவும் இழுபட்டு, பிறகு மெல்ல மீளும். இறக்கிய அன்றே பதிவு செய்தால் காலையில் இருந்த செல் மாலையில் இருக்காது. வந்து சேர்ந்த இடம் சரிதானா என்பதை ரிப்பிளே சொல்லிவிடும். அடுக்கின் நடுவில் ரிப்பிள் மிகப் பெரிதாகத் தெரியும். அடுக்கைத் தாண்டிக் கீழே போனால் கூடவே வரும் மெதுவான அலை தலைகீழாகும்.

இங்கே நம் ஆய்வுக்கூடங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 150, 200, 250 மூன்றும் ரிப்பிள் பட்டைக்குள்ளேயே விழுகின்றன. எர்த் சரியில்லாத கட்டடத்தில், ரிப்பிள் தேடும் நிரல் குழல்விளக்கைப் பிடித்துக் கொடுக்கும். மென்பொருளில் அந்த அதிர்வெண்களை வெட்டி எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் கூர்மையான வடிகட்டி ஒவ்வொரு திடீர் அசைவுக்கும் தானே மணிபோல அதிரும், அதுவும் ரிப்பிள் போலவே தெரியும். எர்த்தைச் சரிசெய்வதும், முன்பெருக்கியைத் தலைக்கருகே வைப்பதும், முடிந்தால் பேட்டரியில் ஓட்டுவதும்தான் வழி. எலி மெல்லும்போது தாடைத் தசையும் இதே வேலையைச் செய்யும். அதற்கு ஹிப்போகேம்பஸுக்கு வெளியே ஒரு முனையை வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் வருவதைத் தள்ளிவிட வேண்டும்.

மூல மின்பதிவு பொதுவாக விநாடிக்கு 30,000 மாதிரிகள். துடிப்புகளைப் பிரிக்க 600 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுவது வழக்கம். ரிப்பிளுக்கு 150 முதல் 250 வரை வடிகட்டி, அதன் வீச்சு சராசரியைவிட மூன்று திட்டவிலக்கம் தாண்டும் நேரங்களைக் குறிப்பார்கள். செல் பிரிப்பில் ஒரு கண்டிப்பான சோதனை உண்டு. ஒரே செல் 2 மில்லிவிநாடிக்குள் இரண்டு முறை துடிப்பது அரிது. 'ஒரே செல்' என்று குறித்த தொகுப்பில் அப்படிப்பட்ட இடைவெளிகள் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால், அதில் இரண்டு செல்கள் கலந்திருக்கின்றன என்றே கொள்ளலாம். ரிப்பிளின்போதுதான் இந்தக் கலப்பு மிக மோசம். பல செல்கள் ஒரே கணத்தில் துடிக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அடுத்தடுத்து வெடிக்கும் செல்லின் வீச்சு ஒவ்வொரு துடிப்புக்கும் குறைந்துகொண்டே போவதால் ஒரே செல் இரண்டாகப் பிரிந்தும் போகலாம். நமக்கு வேண்டிய தருணமும் பதிவு தடுமாறும் தருணமும் ஒன்றாக இருப்பது இந்தத் துறையின் தலைவிதி.

சரி, கணக்கு. எலி விழித்து ஓடும்போது ஒவ்வொரு செல்லும் எங்கே எவ்வளவு துடிக்கிறது என்று அட்டவணை போடுகிறார்கள். பாதையை 2 செ.மீ. துண்டுகளாக்கி, விநாடிக்கு 5 செ.மீ.க்கு மேல் வேகம் இருக்கும் நேரத்தை மட்டும் எடுத்து, துடிப்பு எண்ணிக்கையை அங்கே இருந்த நேரத்தால் வகுக்கிறார்கள். போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனி அட்டவணை. நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் விழிப்பு ரிப்பிள்கள் உள்ளே புகுந்து அட்டவணையைக் கெடுத்துவிடும்.

தூக்கத்தில் 20 மில்லிவிநாடி கொண்ட ஒரு துண்டை எடுக்கிறோம். அதில் வெண்ணாற்றுச் செல் ஒரே ஒரு முறை துடித்தது, மற்ற நான்கும் துடிக்கவில்லை. பேயஸ் முறையில் (கிடைத்த தடயத்தை வைத்து ஒவ்வொரு விடைக்குமான வாய்ப்பைக் கணக்கிடும் முறை), துடிப்புகள் பாய்சான் பரவலில் (ஒன்றையொன்று சாராத தற்செயல் நிகழ்வுகளின் பரவல்) வருகின்றன, செல்கள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் இடத்துக்குமான வாய்ப்பு, துடித்த செல்லுக்கு அங்கே இருக்கும் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதம். நமது ஐந்து பாலங்களிலும் மொத்த வேகம் சமம் (10 + 1 + 1 + 1 + 1 = 14) என்பதால் மற்றச் செல்கள் பேசாமல் இருந்ததன் பங்கு எல்லா இடத்துக்கும் ஒன்றாகி அடிபட்டுப் போகிறது. ஆகவே வெண்ணாற்றுக்கு 14-இல் 10, அதாவது 71 சதவீதம். மற்ற நான்குக்கும் தலா 7 சதவீதம். அதே செல் இரண்டு முறை துடித்தால் 104-இல் 100, அதாவது 96 சதவீதம். வெண்ணாற்றுச் செல் ஒரு முறையும் வெட்டாற்றுச் செல் ஒரு முறையும் துடித்தால் இரண்டுக்கும் தலா 43 சதவீதம், மிச்சம் மூன்று பாலங்களுக்கும் சேர்த்து 13. கருவி 'வாசிக்கிறது' என்று தங்கள் செய்தி சொன்னது இதைத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் விடையாக வருவது வாய்ப்புகளின் பட்டியல். அதில் உயர்ந்ததை மட்டும் எடுத்துப் படம் போட்டால் வாசித்தது போலத் தெரியும்.

இதில் ஒரு பொறி. காவிரிப் பாலத்தில் வெண்ணாற்றுச் செல் ஒரு முறைகூடத் துடிக்கவில்லை, வேகம் 0 என்று அட்டவணையில் இருந்தால், தவறாகப் பிரிக்கப்பட்ட ஒரே ஒரு துடிப்பு காவிரியை முழுவதுமாக அழித்துவிடும். எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. எனவே எந்தச் செல்லுக்கும் எந்த இடத்திலும் ஒரு மிகச் சிறிய வேகத்தைக் கீழ் எல்லையாக வைப்பார்கள். புதிதாகச் செய்பவர்கள் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழும் கல் இது.

ஓடும்போது கணித்த இடம் சரியா என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். 250 மில்லிவிநாடித் துண்டுகளில், அட்டவணை போடப் பயன்படுத்தாத சுற்றுகளை மட்டும் வைத்துச் சோதிப்பார்கள். தூக்கத்தில்? எலி கூண்டின் மூலையில் சுருண்டு கிடக்கிறது. கணக்கு 'வெட்டாறு' என்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கிடையாது. இந்தத் துறையில் இத்தனை சண்டைகள் நடப்பதன் காரணம் அதுதான்.

அப்படியானால் நம்புவது எப்படி? தற்செயலாக இதே விடை எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பார்ப்பதன் மூலம். ஐந்து செல்கள் தலா ஒரு முறை துடித்தால் அவை வரக்கூடிய வரிசைகள் 120. அதில் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வரிசை ஒன்று, திரும்பும் வரிசை ஒன்று. இரண்டையும் ஏற்றுக்கொண்டால் 60-இல் ஒரு முறை சும்மாவே வரும். ஒரு தூக்கத்தில் இப்படி ஐந்தும் துடித்த ரிப்பிள்கள் 3,000 இருந்தால், மூளை எதையும் நினைவுகூராமலே 50 'அழகான பயணங்கள்' கிடைக்கும். அவற்றில் மிக அழகான நான்கைப் பொறுக்கிப் படமாகப் போடுவது கடினமில்லை. எனவே எந்தக் கட்டுரையிலும் படத்தைவிட, கலைத்துப் போட்ட சோதனையைத்தான் பார்க்க வேண்டும். செல்களின் பெயர்களை மாற்றிப் போடுவது ஒரு வகை. ஒவ்வொரு நேரத்துண்டின் இட வாய்ப்புகளையும் வட்டமாக நகர்த்துவது இன்னொன்று. நேரத்துண்டுகளின் வரிசையைக் கலைப்பது மூன்றாவது. ஒவ்வொன்றையும் ஐந்நூறு, ஆயிரம் முறை செய்து, உண்மையான பதிவு அவற்றில் எத்தனையை வெல்கிறது என்று பார்ப்பார்கள். மூன்றும் மூன்று விதமான தற்செயலைச் சோதிக்கின்றன. ஒரே பதிவு ஒரு சோதனையில் தேறி இன்னொன்றில் தோற்பது உண்டு. தொடக்கக் காலக் கட்டுரைகளில் சில, எளிதான சோதனையை மட்டும் வைத்துத் தேர்ச்சி சொன்னவை என்பது எங்கள் கருத்து.

இப்போது தங்கள் செய்தி பேசிய, 2024-இல் வந்த ஆய்வுக்கு வரலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கம்ரான் டீபா, ரைஸ் பல்கலைக்கழகத்தின் கேலப் கெமியர் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்தது. முதல் ஆசிரியர் கூரோஷ் மபூதி. 'நேச்சர்' இதழில் வெளியானது. அதுவரை எல்லோரும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்த ஒன்றை அவர்கள் கேள்வியாக்கினார்கள். விழிப்பில் போட்ட அட்டவணையே தூக்கத்திலும் செல்லுபடியாகும் என்று ஏன் நினைக்க வேண்டும்? வெண்ணாற்றுச் செல் தூக்கத்தின்போது வெட்டாற்றுச் செல்லாக மாறிக்கொண்டிருந்தால், பழைய அட்டவணை அதைப் பிழை என்றுதான் காட்டும். மாற்றம் எதையும் காட்டாது.

அவர்கள் செய்த வேலை எளிமையானது, அதனால்தான் அழகானது. ஒரு செல்லைக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். மிச்சமுள்ள செல்களை மட்டும் வைத்து ரிப்பிளின் ஒவ்வொரு துண்டிலும் இடத்தைக் கணிக்க வேண்டும். பிறகு, வெளியே எடுத்த செல் எந்தத் துண்டுகளில் துடித்ததோ அந்தத் துண்டுகளின் இட வாய்ப்புகளை மட்டும் சராசரியாக்கி, எல்லாத் துண்டுகளுக்குமான சராசரியால் வகுக்க வேண்டும். கிடைப்பது அந்தச் செல்லுக்குத் தூக்கத்தில் இருக்கும் இட விருப்பம். தன் விடையைத் தானே திருத்தும் கோளாறு இதில் இல்லை, ஏனெனில் அந்தச் செல்லின் பழைய அட்டவணை இந்தக் கணக்கில் எங்கும் நுழையவில்லை. ஒரே டெட்ரோட்டில் பதிவான அண்டைச் செல்களையும் சேர்த்து விலக்கினால் செல் பிரிப்புப் பிழையும் உள்ளே வராது.

கண்டது என்ன? புதிய பாதையில் ஓடிய பிறகு வந்த தூக்கத்தில் பெரும்பாலான செல்களின் இட விருப்பம் பாதையில் இருந்ததோடு ஒத்துப்போனது, மணிக்கணக்கில் நிலைத்தும் இருந்தது. ஓடுவதற்கு முந்தைய தூக்கத்திலும், பிந்தைய தூக்கத்தின் கடைசிக் கட்டத்திலும் அந்த ஒத்திசைவு குறைவு. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தூக்கத்தில் சில செல்களின் விருப்பம் பாதையில் இருந்ததிலிருந்து விலகியிருந்தது. மறுபடி அதே பாதையில் எலியை விட்டபோது அந்தச் செல்கள் துடித்த புதிய இடத்தைத் தூக்கத்தில் கணித்த விருப்பம் முன்கூட்டியே காட்டியிருந்தது. அதாவது தூக்கத்தில் வரைபடம் திரும்ப ஓடுவதோடு நிற்கவில்லை, திருத்தவும் படுகிறது. மேலே சொன்ன 'ஒப்பிட ஒன்றுமில்லை' என்ற சிக்கலுக்கும் இது ஒரு விடை. தூக்கத்தில் கணித்ததை மறுநடையில் கேமராவை வைத்துச் சோதிக்க முடிந்தது. எங்களைக் கேட்டால், தங்கள் செய்திக்குத் தலைப்பாகியிருக்க வேண்டியது இந்த வரிதான்.

இந்தத் துடிப்புகள் நினைவுக்கு உண்மையிலேயே தேவையா, கூடவே வரும் வெற்றொலியா என்ற கேள்விக்கு முன்பே பதில் உண்டு. 2009-இல் பாரிஸில் கபிரியேல் ஜிரார்தோவின் குழு, எலி தூங்கும்போது ரிப்பிள் தொடங்கியவுடன் சிறு மின்தூண்டலால் அதைக் குலைத்தது. எட்டுக் கை கொண்ட புதிர்ப்பாதையில் எந்தக் கைகளில் உணவு என்று கற்பதில் அந்த எலிகள் பின்தங்கின. அதே எண்ணிக்கையில், ஆனால் ரிப்பிள் முடிந்த பிறகு தூண்டல் பெற்ற எலிகள் பின்தங்கவில்லை. 2015-இல் இன்னொரு பிரெஞ்சுக் குழு, தூங்கும் சுண்டெலியின் ஓர் இடச் செல் துடிக்கும்போதெல்லாம் மூளையின் இன்பப் பாதையைத் தூண்டியது. விழித்ததும் அது நேராக அந்தச் செல்லுக்குரிய இடத்துக்குப் போய் நின்றது.

இப்போது தலைப்பட்டைக்காரர்கள். நெற்றியிலோ உச்சியிலோ ஒட்டும் முனைகளுக்குத் தனித்தனிச் செல்களின் துடிப்பு தெரியவே தெரியாது. ஹிப்போகேம்பஸ் ஆழத்தில் கிடக்கிறது. மனித ரிப்பிள்களைப் பதிந்திருப்பது வலிப்பு அறுவைக்காக மூளைக்குள்ளேயே முனை வைக்கப்பட்ட நோயாளிகளிடம். பட்டையால் செய்யக்கூடியது தூக்கத்தின் நிலையைத் தோராயமாகச் சொல்வது, அவ்வளவுதான். தூக்கத்தில் நினைவைத் தூண்டிய மனித ஆய்வு இல்லாமலில்லை. 2007-இல் ஜெர்மனியில் பியோர்ன் ராஷின் குழு, அட்டைகள் இருக்கும் இடங்களை ரோஜா மணத்தோடு மனப்பாடம் செய்தவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்தில் அதே மணத்தைத் திரும்பக் காட்டியது. மறுநாள் அவர்களுக்கு இடங்கள் கூடுதலாக நினைவிருந்தன. ஆனால் விழித்திருந்து படித்ததுதான் அங்கே வலுப்பட்டது. படிக்காத பாடம் எதுவும் தூக்கத்தில் நுழையவில்லை.

இரவு முழுக்க விழித்துப் படிப்பதைப் பற்றியும் 2024-இலேயே டீபா குழுவிலிருந்து, பாபுன் கிரி முதல் ஆசிரியராக, இன்னொரு 'நேச்சர்' கட்டுரை வந்தது. புதிய பாதையில் ஓடிய எலிகளைத் தூங்க விடாமல் வைத்து, பிறகு தூங்க விட்டு, மொத்தம் 12 மணி நேரம் பதிந்தார்கள். விழிக்க வைத்தபோது ரிப்பிள்கள் குறையவில்லை, சில சமயம் கூடுதலாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்குள் வர வேண்டிய வரிசைகள் குறைந்தன, சிலவற்றில் அறவே இல்லை. பிறகு தூங்க விட்டபோது ஓரளவு மீண்டாலும், இயல்பான தூக்கத்தின் அளவை எட்டவில்லை. எலியில் கண்டதைப் பிளஸ் டூ மாணவருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மை. ஆனால் 'இன்று விழித்து நாளை தூங்கி ஈடு கட்டலாம்' என்ற கணக்கு எலியிடம்கூடச் செல்லவில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளையை எழுப்பித் தேநீர் கொடுப்பவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

செய்தியில் 'இத்தகைய ஆய்வு வெளிநாட்டில் மட்டுமே சாத்தியம்' என்றொரு வரியும் இருந்தது. பாதிதான் சரி. பதிவு செய்ய விலங்குக்கூடம், அறுவை வசதி, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். வயல் எலியைப் பிடித்துவந்து யாரும் இதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. கணக்குக்கு அவை எதுவும் தேவையில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைக் கல்லூரிகளில் இயற்பியலோ புள்ளியியலோ கணினியோ படிக்கும் மாணவர் சாதாரண மடிக்கணினியில் செய்யலாம். சி.ஆர்.சி.என்.எஸ். என்ற பொதுத் தரவுத் தளத்தில் எச்.சி-11 என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நியூயார்க்கில் நரம்பியல் அறிஞர் புஸாக்கியின் ஆய்வுக்கூடத்தில் பதிந்த நான்கு எலிகள், எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றிலும் புதிய பாதையில் ஓட்டம், அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரத் தூக்கம். செல்கள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டவை. பைத்தான் நிரல்மொழியும் அதன் நம்பை என்ற கணக்குத் தொகுப்பும் போதும். கணினி நினைவகத்துக்குப் பயந்து மூல மின்பதிவை இறக்க வேண்டாம், துடிப்பு நேரங்களும் எலி இருந்த இடமும் உள்ள கோப்புகள் போதும்.

செய்வதானால் நேர்ப்பாதை அமர்வு ஒன்றோடு தொடங்கட்டும். வட்டப் பாதையில் தொடக்கமும் முடிவும் ஒட்டிக்கொண்டு புதிதாக வருபவரைக் குழப்பும். இடச் செல்கள் அடங்கிய பிரமிடுச் செல் வகையை மட்டும் எடுக்கவும். ஓயாமல் துடிக்கும் இடைச் செல்கள் எல்லாத் துண்டிலும் புகுந்து விடையைக் கலங்கடிக்கும். வாய்ப்புகளைப் பெருக்குவதற்குப் பதில் மடக்கைகளைக் கூட்டவும். ஐம்பது செல்களின் சிறு எண்களைப் பெருக்கினால் கணினி பூஜ்யம் என்றே சொல்லும். ஒற்றைப்படைச் சுற்றுகளில் அட்டவணை போட்டு, இரட்டைப்படைச் சுற்றுகளில் ஓட்டத்தைக் கணித்து, பிழையின் இடைநிலையைப் பார்க்கவும். சில பத்து நல்ல செல்கள் இருந்தால் அது பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் தூக்கக் கோப்பைத் திறக்க வேண்டாம். அநேகமாகக் கேமராவின் நேரமும் துடிப்புகளின் நேரமும் ஒன்றுக்கொன்று நகர்ந்திருக்கும், அல்லது இரு திசை அட்டவணைகளும் கலந்திருக்கும். நேர நகர்வைக் கண்டுபிடிக்க, துடிப்புகளை அரை விநாடி முன்னும் பின்னும் சிறு படிகளாக நகர்த்தி ஒவ்வொரு முறையும் பிழையைக் கணக்கிடுங்கள். பிழை மிகக் குறையும் புள்ளி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் கோப்புகளின் தொடக்க நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நரம்பியல் தரவுப் பகுப்பாய்வில் பணிபுரியும் இருவர்,
தஞ்சாவூர்.